நாற்பது பல், நாற்பத்து நான்கு பல்

1978-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் ஓடிய போர்ஷே 911 எஸ்.சி. காரின் படத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் உடம்பில் ஓடும் மார்ட்டினி வண்ணப் பட்டைகளைத்தான் ரசிப்பார்கள். என் கண் போவது அதன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்துக்கு. 28 சென்டிமீட்டர் இடைவெளி! தார் ரோட்டில் தாழ்ந்து பறப்பதற்கென்றே வரைந்த கார், கூரையின் வளைவு கெடாமல், கால்களை மட்டும் நீட்டி எழுந்து நிற்கிறது. கென்யாவின் புழுதியிலும் சேற்றிலும் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் ஓடி, விக் பிரெஸ்டன் ஜூனியரின் வண்டி இரண்டாவதாகவும் பியோர்ன் வால்டகோர்டின் வண்டி நான்காவதாகவும் வந்தன. முதலிடம் பெஜோ 504 கூப்பேக்கு. அதனால் இந்த வண்டியின் அழகு குறைந்துவிடவில்லை.

ஓமலூர்க்காரர்களான எங்களுக்கு வண்டியைத் தூக்குவது புதுச் சங்கதி இல்லை. தொப்பூர்க் கணவாய் இறங்கி வருகிற நாமக்கல் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பின்பக்கம் தணிந்துவிட்டால் கமான் பட்டையில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பார்கள். வண்டி எழும், கூடவே விறைக்கும். லோடு இருக்கும்போது சரி. காலியாகத் திரும்பும்போது குழிக்குக் குழி துள்ளும். பட்டை சேர்த்துத் தூக்கும்போது உயரம் மட்டும் தனியாகக் கிடைப்பதில்லை.

மழை ஓய்ந்த பின் எங்கள் பக்கத்துச் செம்மண் தடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் எதற்கு என்று தெரியும். டிராக்டர் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். நடுவில் மேடு நிற்கும். தாழ்ந்த காரின் அடி தட்டுவது அந்த மேட்டில்தான்.

பழைய 911-ல், அதாவது 1964 முதல் 1989 வரை அந்த வரிசையில் வந்த வண்டிகளில், சக்கரத்தைத் தாங்குவது பட்டையும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. ஒரு நேரான எஃகுக் கம்பி: டார்ஷன் பார். 1931-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் அலுவலகம் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஏற்பாடு. ஒரு முனை வண்டியின் உடம்போடு இறுகியிருக்கும். மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையில் மாட்டியிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் ஈர வேட்டியைப் பிழிவதுபோலக் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு அவிழும்போது சக்கரம் இறங்கும். இது சீமைக் கார்களுக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டாம். நம் டாக்சி ஸ்டாண்டுகளில் நின்ற அம்பாசிடரின் முன்சக்கரங்களும் டார்ஷன் பார் மேல்தான் நின்றன. பின்னால் மட்டும் கமான் பட்டை.

இனி நான் மிகவும் விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 911-ன் பின்பக்கக் கம்பி ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் பல் வெட்டியிருக்கும். வண்டியின் நடுவை நோக்கிய முனையில் 40 பல். சக்கரத்தின் பக்கம் 44 பல். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையாக வெட்டுவதுதானே சுலபம்? அங்கேதான் நயம் இருக்கிறது. 360 பாகையை 40-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 9 பாகை. கையை 9 பாகை திருப்பினால் சக்கரம் சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும்; வேண்டிய உயரத்தில் நிறுத்த முடியாது. 44-ஆல் வகுத்தால் 8.18 பாகை. உள்முனையில் ஒரு பல் முன்னே, வெளிமுனையில் ஒரு பல் பின்னே மாற்றிச் செருகினால் மிஞ்சுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்: 0.82 பாகை. சக்கரத்தில் அது சில மில்லிமீட்டர்தான். தடியான இரண்டு பல் வரிசைகளிலிருந்து அவ்வளவு நுட்பமான ஓர் அளவைக் கறந்திருக்கிறார்கள்! லேத் பட்டறையில் வெர்னியர் பிடித்துப் பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டும் ஒரே கணக்கு.

இப்படித் தூக்கும்போது கம்பி மாறுவதில்லை. அது தொடங்கும் கோணம்தான் மாறுகிறது. ஆகவே வண்டி எழுந்தாலும் விறைப்பு கூடுவதில்லை. விறைப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். முறுக்கத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு, அதன் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 24 மில்லிமீட்டர் பின்கம்பிக்குப் பதிலாக 26 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். இரண்டே மில்லிமீட்டர்! இந்தக் கம்பிகளில் இடது, வலது என்று குறி இருக்கும். தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கியவை என்பதால் இடம் மாற்றிப் போடக்கூடாது. மேலே ஒரு கீறல் விழுந்தாலும் பின்னாளில் முறிவு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால், நல்ல மெக்கானிக் இதைக் கழற்றி எடுக்கும்போது கை அவ்வளவு பதமாக இருக்கும்.

முன்பக்க வேலை எளிது. கீழ்க்கையோடு நீளவாட்டில் கம்பி ஓடுகிறது. அதன் நெம்புகோலைத் தாங்கும் திருகைச் சுற்றினால் வண்டி எழும்.

ஆனால் எழுப்பியதோடு வேலை முடியாது. தூக்கத் தூக்கப் பின்சக்கரங்களின் சாய்வு மாறும். அதைப் போல்ட்டைத் தளர்த்தித் திருத்த வேண்டும். ஸ்டியரிங் கம்பிகள் சரிந்து நிற்பதால் குழியில் சக்கரம் தானாகவே திரும்பப் பார்க்கும். ஆக்சிலின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று தேயும். எல்லாவற்றையும் விட முக்கியம், சக்கரம் கீழே தொங்குவதற்கு இடம் வேண்டும். ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே முழுக்க நீண்டுவிட்டால் பள்ளம் வந்ததும் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். படத்துக்காக மட்டும் தூக்கிய வண்டிகளை நான் இதைக் கொண்டுதான் கண்டுபிடிப்பேன். அவற்றின் மேல் எனக்கு மதிப்பில்லை. தேவைக்கு மேல் ஒரு விரல்கூட ஏற்றாதவர்தான் கைதேர்ந்தவர். 2022-ல் போர்ஷே நிறுவனமே 911 டக்கார் என்று ஒரு வண்டியை வெளியிட்டபோது, ஸ்போர்ட் சஸ்பென்ஷன் கொண்ட கரேராவைவிட 50 மில்லிமீட்டர்தான் உயர்த்தியது. வேண்டும்போது இன்னும் 30 மில்லிமீட்டர் எழும்படி வைத்தது.

பழைய 911-ல் என்ஜின் பின்ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால் பாரத்தில் பெரும்பங்கு உந்தும் சக்கரங்களின் மேல் விழுகிறது. இறுகாத மண்ணிலும் பிடி கிடைக்கிறது. தார் ரோட்டு வளைவுகளில் பலரை மிரட்டிய அதே பின்பாரம், மண்ணில் இறங்கியதும் துணைக்கு வந்துவிடுகிறது.

1984-ல் ரெனே மெட்ஜ் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்ற 911, நான்கு சக்கர உந்துதலும் புதிய முன்பக்க அமைப்பும் பெற்ற வண்டி. பெரிய வெற்றி அது. ஆயினும் கைவேலையின் நயத்தில், பழைய 911-ஐ அதன் சொந்தக் கம்பிகளின் மேலேயே, பல்லை எண்ணி எண்ணித் தூக்கி நிறுத்துவதைத்தான் நான் மேலாக வைப்பேன்.