பட்டறையும் பட்டமும்

கல்வி தொழிலோடு கைகோத்து நடக்க வேண்டும் என்று முழங்காத மேடை இன்று இல்லை. முழங்குவோர் சான்றுக்கு அமெரிக்காவைத் தேடி ஓடுகின்றனர். கோயமுத்தூரை நினைப்பவர் சிலரே.

பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாம் பங்கை 1926-ஆம் ஆண்டில் அறத்துக்கு ஒதுக்கினர். அவ்வறத்தின் கீழ் ஒரு தொழிற்சாலை வளர்ந்தது. அதன் அருகே 1951-இல் பொறியியற் கல்லூரி எழுந்தது. அதன் முதல்வராயிருந்து உருக்கொடுத்தவர் ஜி. ஆர். தாமோதரனார். மோட்டாரும் பம்பும் கடைசல் இயந்திரமும் விற்பனைக்கு உருவாகும் பட்டறையே மாணவனுக்குப் பயிற்சிக்கூடம். கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்தது. எனவே பம்பு அம்மண்ணின் தேவையிலிருந்தே பிறந்த பொருள். பின்னர் நிருவாகக் கல்வியும் அவ்வளாகத்திலேயே இடம் பெற்றது.

தாமோதரனாரைப் புகழ்வோர் இவ்விடத்தில் நின்று விடுகின்றனர். நிற்கலாகாது. தொழிலின் அருகே பள்ளியை வைப்பது மட்டுமே சிறப்பென்றால், மலாயாத் தோட்டப் பள்ளியை விஞ்சிய பள்ளி உலகில் இராது! பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் பால்மரம். ஆயினும் அந்த அருகாமை பிள்ளைக்கு வேலியாயிற்றேயன்றி வாயிலாகவில்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1920-களிலேயே இந்நாட்டில் தோன்றிவிட்டது; பால் உறைவதன் இரசாயனம் லயத்துப் பிள்ளையின் பாடப்புத்தகத்துக்கு வரவில்லை. தொடக்கக் கல்வி முடிந்ததும் பலருக்குக் கத்தியும் வாளியுமே காத்திருந்தன. கோவையில் பட்டறை கல்விக்கு ஊழியம் செய்தது. தோட்டத்தில் பள்ளி தோட்டத்துக்கு ஊழியம் செய்தது. எது எதற்கு ஆட்பட்டது என்பதே கேள்வி.

கோவையிலும் குறையில்லாமல் இல்லை. தாமோதரனார் 'கலைக்கதிர்' என்னும் திங்களிதழால் விஞ்ஞானத்தைத் தமிழில் தந்தவர். அத்தொண்டு ஒன்றே போதும் அவர் பெயர் நிலைக்க. ஆனால் அவர் கல்லூரியில் பாடமொழி ஆங்கிலம். ஆலைத் தொழிலாளியின் மகன் கலைக்கதிரைப் படித்து வியக்கலாம். அந்தத் தமிழைக் கொண்டு கல்லூரி வகுப்பில் அமர இயலாது. அவரே 1978 முதல் 1981 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். எனினும் தமிழில் பொறியியற் பட்டப் படிப்பு வர 2010-ஆம் ஆண்டாயிற்று. அதுவும் அண்ணா பல்கலைக் கழகத்தில். கதவைத் தட்டக் கற்றுக் கொடுத்தவர், திறக்கும் அதிகாரம் கிட்டியபோது இன்னும் வன்மையாகத் தள்ளியிருக்கலாம் என்று கருதுவது அவர்க்கு இழைக்கும் அநீதி ஆகாது.

சிரம்பானை அடுத்த அம்பாங்கான் வட்டாரத்தில் இன்று வீட்டுமனைகள் பெருகிவிட்டன. நெகிரி செம்பிலானின் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப் பிள்ளைகள் செனவாங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகின்றனர். ரப்பர் விதைகளை அடுக்கிக் கூட்டல் கற்பித்தது அந்நாளைய தோட்டப் பள்ளி. அந்த விதையிலிருந்து எண்ணெய் பிழியலாம் என்பதைச் சொல்லித் தந்த பள்ளிகள் எத்தனை? செனவாங்கில் ஓடும் இயந்திரம் எவ்வாறு ஓடுகிறதென்று இப்போதைய தமிழ்ப் பள்ளிகளுள் எத்தனை சொல்லித் தருகின்றன?