குதிரைக்குக் கிடைத்த உரிமை: வில்லியம் பூத்தின் நூலைக் குறித்து ஒரு மறுநோக்கு

வீடற்றோர் நடுவே ஆற்றும் பணியைக் குறித்துத் திருச்சபையில் பேச்சு எழும்போது, இரட்சணிய சேனையின் நிறுவனர் வில்லியம் பூத் நினைவுகூரப்படுவது வழக்கம். 1890-இல் அவர் வெளியிட்ட ‘இருண்ட இங்கிலாந்தும் மீளும் வழியும்’ என்னும் நூல், போற்றப்படும் அளவிற்கு ஆராயப்படுவதில்லை. அந்நூலின் முற்பகுதியும் பிற்பகுதியும் தம்முள் முரண்படுகின்றன என்பதும், அம்முரண்பாடு நம் சபைகளின் தொண்டிலும் தொடர்கின்றது என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆப்பிரிக்காவைப் பற்றி ஸ்டான்லி அவ்வாண்டில் எழுதிய நூலின் தலைப்பைத் தழுவியே பூத் தம் நூலுக்குப் பெயரிட்டார். இருளைக் காணத் தொலைதூரக் கண்டத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை, அது லண்டன் மாநகரிலேயே உண்டு என்பது அவர் வாதம். தேம்ஸ் நதிக்கரையிலும் கோவென்ட் கார்டன் சந்தையிலும் ஓர் இரவில் வெட்டவெளியில் உறங்கியோர் 368 பேர் என்று அவர் கணக்குக் காட்டுகிறார். லண்டன் வாடகை வண்டிக் குதிரைக்குக் கிடைப்பவை மனிதனுக்கும் கிடைக்கவேண்டும் என்கிறார். அக்குதிரை விழுந்தால் தூக்கிவிடப்படும். உயிரோடிருக்கும்வரை அதற்கு உணவும் உறைவிடமும் வேலையும் உண்டு. அது தன் பிழையால் விழுந்ததா என்று எவரும் முதலில் விசாரிப்பதில்லை. ஏழைகளைத் தகுதியுள்ளோர், தகுதியற்றோர் எனப் பிரித்த அக்காலச் சமுதாயத்தில் இது துணிவான கூற்று. கிருபையின் இலக்கணமும் இதுவே.

ஆனால் பிற்பகுதியில் பூத் வகுக்கும் திட்டம் வேறு வழியில் செல்கின்றது. நகரக் குடியேற்றம், பண்ணைக் குடியேற்றம், கடல்கடந்த குடியேற்றம் என அதற்கு மூன்று படிகள். உறைவிடத்தில் உணவிற்கும் படுக்கைக்கும் நான்கு பென்ஸ். காசில்லாதவர் உழைத்து ஈடுசெய்ய வேண்டும். இரவு உணவிற்குப்பின் நற்செய்திக் கூட்டம். உழைப்பையும் கீழ்ப்படிதலையும் காட்டியவரே அடுத்த படிக்கு ஏறலாம். விஞ்ஞானி ஹக்ஸ்லி ‘தி டைம்ஸ்’ நாளிதழில் இத்திட்டத்தைத் தாக்கினார். அத்தாக்குதலில் சமய எழுச்சியின்மீது அவருக்கிருந்த வெறுப்பும் கலந்திருந்தது. எனினும், ஏழைகளை ஒரு தலைவரின் ஆணைக்குள் அடக்கும் அமைப்பைப்பற்றி அவர் எழுப்பிய ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. நம் கேள்வியோ இறையியல் சார்ந்தது. குதிரையிடம் கேட்கப்படாதது மனிதனிடம் கேட்கப்படுகின்றது. கூரை மனந்திரும்புதலுக்குக் கூலியாகின்றது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைப் போதிக்கும் நாம், ஈவு முந்தியது, கிரியை பிந்தியது என்னும் ஒழுங்கைத் தொண்டில் மட்டும் தலைகீழாக்கலாமோ?

இதன் விளைவை நம் நாடும் கண்டது. 1910-களில், அன்றைய சென்னை மாகாணத்தின் ஸ்டூவர்ட்புரத்தில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் எருகுல மக்கள் குடியமர்த்தப்பட்டனர். அக்குடியிருப்பின் நிர்வாகம் இரட்சணிய சேனையிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டம் அரசினுடையது, சேனையினரின் நல்லெண்ணத்தையும் நாம் ஐயுறவில்லை. ஆயினும் அம்மக்களுக்கு வீடு கொடுத்த அதே கை, விருப்பம்போல் வெளியே செல்லும் உரிமையை எடுத்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறான சான்றும் அச்சேனையின் வரலாற்றிலேயே உண்டு. பின்லாந்து நாடு 2008-இல், முதலில் வீடு, பிறகே மற்ற உதவிகள் என்னும் கொள்கையை ஏற்றது. குடியை விட்டொழித்தல்கூட வீட்டிற்கு முன்நிபந்தனையன்று. அக்கொள்கையின்படி, ஹெல்சின்கி நகரில் இரட்சணிய சேனை நடத்திவந்த 250 படுக்கைகள் கொண்ட விடுதி, 2012-இல் 81 தனி வீடுகளாக மாற்றப்பட்டது. அங்குக் குடியிருப்போர் வாடகை ஒப்பந்தமுள்ள குடிகள், உதவியாளர்களும் உடனிருக்கின்றனர். பூத் குதிரைக்காக எழுதியதை அவர் வழிவந்தோர் மனிதருக்கு நிறைவேற்றியது அங்கேதான் எனலாம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவில், இந்தியாவில் எண்ணப்பட்ட வீடற்றோர் 17 லட்சத்திற்கும் மேற்பட்டோர். சாலையோரம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலைய நடைமேடை ஆகியவற்றுடன், வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளியும் அவர்கள் உறங்கும் இடமாகக் கணக்கெடுப்பின் வரையறையில் குறிக்கப்பட்டுள்ளது. ஆலய வளாகமும் அதனுள் அடங்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் கம்பளி வழங்கிவிட்டு இரவில் வாயிலைப் பூட்டும் சபை, ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை மீண்டும் படிக்கவேண்டும். துரத்துண்ட சிறுமைப்பட்டோரை வீட்டிற்குள் சேர்த்துக்கொள்ள அது பணிக்கின்றது. வாயிலிலேயே விசாரித்துத் திருப்பியனுப்ப அது இடந்தரவில்லை. உறைவிடம் அமைக்க முன்வரும் ஆயர்களும் சபைக் குழுவினரும் கட்டட நிதியைப்பற்றி ஆலோசிக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடையெழுதட்டும். சாவி யாரிடம் இருக்கும்? ஜெபத்திற்கு வராதவருக்கும் படுக்கை உண்டா? எக்காரணத்தால் ஒருவர் வெளியேற்றப்படுவார்?