தற்புகழ்ச்சியின் இடமும் எல்லையும்: ஹடப்சர் தடுப்பூசி நிறுவனத்தின் சமூக ஊடகப் பதிவுகள் - நன்னூல் வழி ஒரு நோக்கு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் ‘பகர்தல்’ என்னும் சொல் கூறுதல் என்ற பொருளிலும் விற்றல் என்ற பொருளிலும் ஆளப்படுகிறது. பண்டத்தைச் சுமந்து தெருவில் கூவி விற்பவரிடம் இவ்விரு செயல்களும் ஒன்றாகவே நிகழ்கின்றன. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் கடைக்கும் கொடி உண்டு. வாதுக்கு அழைக்கும் நல்லாசிரியர்க்கும் கொடி உண்டு. பொருளுடையாரும் கல்வியுடையாரும் தம் இருப்பைப் பிறர்க்கு அறிவிக்க வேண்டியவர்களாகவே இருந்துள்ளனர். எனவே, தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளுதல் தமிழ் மரபிற்குப் புதியதன்று. அதற்கு இடமும் எல்லையும் வகுத்ததே மரபு செய்த பணியாகும்.

இன்று வணிக நிறுவனங்களும் பொது அமைப்புகளும் தம்மை அறிவிக்கச் சமூக ஊடகத்தைக் கையாள்கின்றன. இது குறித்த பேச்சு பெரும்பாலும் ‘எத்தனை பேரைச் சென்றடையலாம்?’ என்னும் வினாவோடு நின்றுவிடுகிறது. ‘யார், யாரிடம், எக்காலத்தில் தம்மைப் புகழலாம்?’ என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. பவணந்தி முனிவரின் நன்னூல் இவ்வினாவை எழுப்பி விடையும் தருகிறது. அவ்விடையை அளவுகோலாகக் கொண்டு, புனே நகரின் ஹடப்சரில் அமைந்துள்ள சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் சார்பில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பதிவுகள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதிவுகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றின் கருத்தே இங்குத் தமிழில் தரப்படுகிறது.

நன்னூல் கூறும் நெறி

நன்னூலின் பாயிரப் பகுதி, அரிய நூல்களைப் படைத்தவனே ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கிறது. அதனை அடுத்து நான்கு விலக்குகளைத் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதிலும், எதிராளி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து.

இந்நெறி புலவர்க்கு உரியது. வணிகர்க்குப் பொருந்துமா என ஐயுறலாம். நான்கு இடங்களையும் கூர்ந்து நோக்கினால் அவற்றின் பொதுக்காரணம் புலப்படும். கேட்பவர் ஒரு முடிவெடுக்க வேண்டியுள்ளது. அதற்கு வேண்டிய செய்தியைச் சொல்பவனே அறிந்திருக்கிறான். அவன் சொல்லாதொழிந்தால் முடிவு பிழைபடும். இந்நிலையில் தற்புகழ்ச்சி செருக்காகாமல் சான்றாகிறது. தடுப்பூசியும் இத்தகைய பொருளே. துணியைத் தொட்டுப் பார்த்தும் நெல்லைக் கடித்துப் பார்த்தும் வாங்குவதுபோல் அதனைச் சோதித்து வாங்க இயலாது. செய்தவர் சொல்லையும் ஆய்ந்தவர் சான்றையும் நம்பியே மக்கள் தோளை நீட்டுகின்றனர். ஆதலின் இந்நெறியை இங்குப் பொருத்திப் பார்ப்பது தகும்.

இதனோடு தொல்காப்பியச் செய்யுளியல் குறிக்கும் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் முதலிய உறுப்புகளும் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

ஹடப்சர் நிறுவனம்

பூனாவாலா குடும்பத்தினர் புனேயில் குதிரைப் பண்ணை நடத்தியவர்கள். குதிரையின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஊநீர், நச்சுமுறி மருந்துகள் செய்யப் பயன்படுவது. இத்தொடர்பிலிருந்தே 1966 இல் சைரஸ் பூனாவாலா இந்நிறுவனத்தைத் தொடங்கினார். ‘சீரம்’ என்னும் பெயரும் அவ்வூநீரையே குறிக்கிறது. தயாரிக்கும் தடுப்பூசிகளின் எண்ணிக்கையால் இது உலகின் மிகப் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் இதன் தடுப்பூசிகளைப் பெரும்பாலும் அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளுமே வாங்கியதால், குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுசென்ற தாய்க்கு நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டிய தேவை எழவில்லை.

கொரோனாப் பெருந்தொற்று இந்நிலையை மாற்றியது. 2020 ஜூன் மாதத்தில் அஸ்ட்ராஜெனெகா நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசியைக் ‘கோவிஷீல்டு’ என்னும் பெயரில் ஹடப்சர் நிறுவனம் தயாரித்தது. இக்காலத்தில் நிறுவனத்தின் குரலாக அமைந்தது, 2011 முதல் அதன் தலைமைச் செயல் அலுவலராக உள்ள அதார் பூனாவாலாவின் சொந்த ட்விட்டர் கணக்கு. எக்ஸ் எனப் பின்னர்ப் பெயர் மாறிய அத்தளமே விலை அறிவிப்பு, வேண்டுகோள், மறுப்பு, இரங்கல் ஆகிய அனைத்திற்கும் களனாயிற்று.

நான்கு இடங்களும் பதிவுகளும்

முதலாவது, அரசவைக்கு எழுதும் ஓலை. 2020 செப்டம்பர் 26 அன்று, அடுத்த ஓராண்டில் நாட்டினர் அனைவர்க்கும் தடுப்பூசி வாங்கி வழங்க இந்திய அரசிடம் 80,000 கோடி ரூபாய் இருக்குமா என அதார் பூனாவாலா ட்விட்டரில் வினவினார். 2021 ஏப்ரல் 16 அன்று, மூலப்பொருள் ஏற்றுமதிக்கான தடையை நீக்குமாறு அமெரிக்க அதிபரை விளித்து எழுதினார். இவை அரசர்க்கு எழுதிய ஓலைகள். ஆனால் பழைய ஓலையை அரசனும் அவன் அவையும் மட்டுமே கேட்டன. இவ்வோலைகளை ஊரே படித்தது. முதல் ஓலைக்கு ஒன்றிய அரசின் சுகாதாரத் துறைச் செயலர் செய்தியாளர் கூட்டத்தில் மறுமொழி கூற நேர்ந்தது; அக்கணக்கை அரசு ஏற்கவில்லை என்றார் அவர். அரசனை விளிப்பதுபோல் அமைந்து பொதுமக்கள் செவிக்குச் செல்லும் இக்கூற்று, தலைவியிடம் பேசுவதுபோல் சிறைப்புறத்துத் தலைவன் கேட்கத் தோழி கூறும் அகத்திணைக் கூற்றினை ஒத்தது. விளிக்கப்படுபவர் ஒருவர், கேட்க வேண்டியவர் மற்றொருவர்.

இரண்டாவது, ஆற்றலை அறியாதவர் நடுவில் கூறுதல். அதுவரை பெயர் தெரியாதிருந்த நிறுவனம், தன் வரலாற்றையும் உற்பத்தித் திறனையும் எடுத்துரைத்தது இவ்வகையில் அடங்கும். மக்கள் அறிய வேண்டிய செய்தி ஆதலின் இதில் குறைகாண இடமில்லை.

மூன்றாவது, அவையில் வெல்லும் பொழுது. 2021 ஜனவரி 3 அன்று தடுப்பூசிக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. ஒப்புதலுக்கு முன்பே தயாரித்துச் சேமித்து வைத்ததில் நிறுவனம் மேற்கொண்ட இடர்கள் பயன் தந்துவிட்டன என்னும் மகிழ்ச்சிப் பதிவு அன்று வெளிவந்தது. வெற்றியை முதலில் அறிவித்தவர் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர். வெற்றியைப் பிறர் உறுதிசெய்த பின்னரே தன்னுரை எழுந்தது. ஆகவே இதுவும் நெறிக்கு உட்பட்டதே.

நான்காவது, பழித்த காலம். ஒப்புதல் கிடைத்த நாளில் அளித்த தொலைக்காட்சி நேர்காணலில், மூன்று தடுப்பூசிகளே பயனுடையவை என மெய்ப்பிக்கப்பட்டவை, ஏனையவை தண்ணீரைப் போலத் தீங்கற்றவை மட்டுமே என அதார் பூனாவாலா கூறினார். கோவாக்சினைத் தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனத்தின் கிருஷ்ணா எல்லா மறுநாள் கடுமையாக மறுத்தார். ஜனவரி 5 அன்று இருவரும் கூட்டறிக்கை வெளியிட்டனர். நன்னூல், பழிக்கப்பட்டவனுக்கே தன்னைப் புகழும் உரிமையைத் தருகிறது. பழித்துத் தொடங்குபவனுக்குத் தரவில்லை. அவ்வுரிமை இங்கு எதிர்த்தரப்பிற்கே உரியதாயிற்று. ஊசி போடும் பணி தொடங்க இரு வாரங்கூட இல்லாத அந்நாளில், இரு தடுப்பூசிகளின் மீதும் ஐயம் எழக்கூடிய நிலையைக் கூட்டறிக்கை ஓரளவு தணித்தது எனலாம்.

நானும் நாமும்

2021 ஜனவரி 21 அன்று ஹடப்சரை அடுத்த மாஞ்சரியில் உள்ள நிறுவன வளாகத்தில், கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. உயிரிழப்போ பெருங்காயமோ இல்லை என்பதே இதுவரையில் முதன்மையான செய்தி என முதற்பதிவு கூறியது. பின்னர், உயிரிழப்பு நேர்ந்ததை அறிந்ததாகவும் ஆழ்ந்த துயரடைந்ததாகவும் மற்றொரு பதிவு வந்தது. இறந்தோர் ஐவர். கோவிஷீல்டு உற்பத்திக்கு இழப்பில்லை என்னும் உறுதிமொழியும் அதே நாளில் வெளியாயிற்று. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என நிறுவனம் அறிவித்தது.

இப்பதிவுகளின் சொல்லமைப்பு ஆராயத்தக்கது. இரங்கற்பதிவு தன்மைப் பன்மையில் அமைகிறது: நாங்கள் அறிந்தோம், நாங்கள் துயருற்றோம். உற்பத்தி பற்றிய பதிவோ தன்மை ஒருமையில் அமைகிறது: இத்தகைய இடர்களை எண்ணி நான் ஒதுக்கி வைத்த கட்டடங்கள் உள்ளன. துயர் பலர்க்கும் உரியதாகிறது. முன்னறிவு ஒருவர்க்கு உரியதாகிறது. இதனைக் கொண்டு எழுதியவரின் உள்ளத்தை அளத்தல் முறையன்று. ஒப்புதல் நாளின் பதிவில் இடரை மேற்கொண்டதாக நிறுவனமே சுட்டப்பட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் நிறுவனத்தின் குரல் ஒருவரின் சொந்தக் கணக்கில் அமையும்போது, கூற்றுக்குரியார் யார் என்பது வரிக்கு வரி மாறுகிறது என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

நன்னூலின் நான்கு இடங்களுள் சாவு நேர்ந்த இடம் இல்லை. உற்பத்தி தடைப்படாது என்பது அரசுகளும் மக்களும் அறிய வேண்டிய செய்தியே. ஆனால் அதே களத்தில் அதே நாளில் அதனைக் கேட்டவருள், தீயில் தம்மவரை இழந்தோரும் இருந்திருக்கக்கூடும். பழைய அவைகளில் கேட்போர் வேறு வேறாக இருந்தனர். வாங்குவோர்க்கு ஒன்றும் இழந்தோர்க்கு ஒன்றும் கூற இடமிருந்தது. சமூக ஊடகத்தில் கேட்போர் அனைவரும் ஒரே அவையினர். இம்மாற்றமே இவ்வாய்வில் முதன்மையாகக் கருதத்தக்கது.

2021 பிப்ரவரி 21 ஆம் நாள் பதிவும் இவ்வகையில் நோக்கத்தக்கது. தடுப்பூசிக்குக் காத்திருக்கும் நாடுகள் பொறுமை காக்க வேண்டும். இந்தியாவின் பெருந்தேவைக்கு முதன்மை தருமாறு நிறுவனம் பணிக்கப்பட்டுள்ளது என்றது அது. பணித்தவர் யார் எனக் கூறாது செயப்பாட்டு வினையாக நிற்கும் இத்தொடரில், கேட்போரே நிரப்பிக்கொள்ளுமாறு ஓர் எச்சம் அமைந்துள்ளது. அயல்நாட்டார்க்கு அது காரணமாகவும், உள்நாட்டார்க்கு அது உறுதியாகவும் ஒரே வேளையில் பொருள்படுகிறது.

விலையும் ஈகையும்

ஒன்றிய அரசுக்குத் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு வழங்கப்பட்ட தடுப்பூசிக்கு, 2021 ஏப்ரல் 21 அன்று மாநில அரசுகளுக்கு 400 ரூபாய் எனவும் தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் எனவும் விலை அறிவிக்கப்பட்டது. ஒரே ஊசிக்கு மூன்று விலையா என்னும் கண்டனம் எழுந்தது. முன்பணம் பெற்றதன் அடிப்படையில் அமைந்ததே தொடக்க விலை என நிறுவனம் விளக்கமளித்தது. ஏப்ரல் 28 அன்று, நிறுவனத்தின் சார்பில் அறச்செயலாக மாநிலங்களுக்கான விலையை 300 ரூபாயாகக் குறைப்பதாக அதார் பூனாவாலா அறிவித்தார். இங்கும் குறைப்பவர் ‘நான்’ என்னும் ஒருமையே.

பட்டினப்பாலை வணிகர், கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் விலையை வெளிப்படக் கூறி விற்றவர்கள். இவ்வளவுகோலின்படி விலையைப் பொதுவில் அறிவித்தமை பாராட்டத்தக்கது. திரைமறைவில் நிகழும் மருந்து விலைப் பேச்சுகளினும் இது மேம்பட்டது. ஆனால் விலைக்குறைப்பை ஈகையாகப் பெயரிடுதல் வேறு. ஆய் அண்டிரனைப் பாடிய ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயன் கருதி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என அவனைப் புகழ்கிறார். ஈகைக்கும் விற்பனைக்கும் இடையே புறநானூறு வரைந்த கோடு இது. 300 ரூபாய் பெற்றுக்கொண்டு தரும் பொருள் விற்பனைப் பொருளே. விலை குறைந்தது நன்மை. அதனை நன்மை என வாங்குவோர் கூறியிருப்பின் அது புகழ். விற்பவரே கூறியதால் அது விளம்பரமாகச் சுருங்கிற்று.

பிறர் கூறும் புகழ்

தன்னைப் புகழ்தலை வரையறுத்த நன்னூல், பிறர் புகழ்வதற்கும் முறை வகுத்துள்ளது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர். இவர்கள் அனைவரும் நூலாசிரியனுக்கு உறவுடையோரே. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரை, அவருடன் ஒருங்கு கற்றவர் என உரையாசிரியர்கள் வெளிப்படவே குறிக்கின்றனர். உறவிருப்பது குற்றமன்று, உறவை மறைப்பதே குற்றம் என்பது இதனால் பெறப்படும்.

சமூக ஊடகத்தில் பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்வோர் பெருகியுள்ள இந்நாளில் இந்நெறி சட்ட வடிவமும் பெற்றுவருகிறது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 மே மாதத்தில் வெளியிட்டு ஜூன் 14 முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், பணம் பெற்ற பதிவில் அது விளம்பரம் எனக் குறிக்க வேண்டும் என்றன. ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பணம், இலவசப் பொருள் ஆகியவற்றோடு குடும்பத் தொடர்பையும் வேலைத் தொடர்பையும் வெளிப்படுத்தக் கோருகின்றன. நன்னூலார் வகுத்த முறையின் கருத்தும் இதுவே.

முடிவுரை

சமூக ஊடகத்தில் ஒரு நிறுவனம் தன்னை அறிவித்துக்கொள்ளுதல் குற்றமன்று என்பதும், கேட்போர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அது கடமையே ஆகிறது என்பதும் இவ்வாய்வால் அறியலாகின்றன. ஹடப்சர் நிறுவனத்தின் பதிவுகளுள் ஒப்புதல் அறிவிப்பும் விலை வெளிப்பாடும் இவ்வகையின. பிறரைத் தாழ்த்தித் தொடங்கிய உரை, ஈகை எனப் பெயரிட்ட விலைக்குறைப்பு, துயரும் திறனும் ஒருநாளில் ஒரு களத்தில் கலந்த பதிவுகள் ஆகியவை நெறியின் எல்லையைக் கடந்தவை.

பவணந்தியார் காலத்தில் அவையைப் பார்த்துப் பேசினால் போதுமானதாக இருந்தது. இன்றைய நிறுவனமோ எழுதும் ஒவ்வொரு வரியையும் அரசர், வாங்குவோர், போட்டியாளர், தொழிலாளர், இறந்தோரின் சுற்றத்தார் ஆகிய ஐவகைக் கேட்போரும் ஒருங்கே கேட்பர் எனக் கொண்டே எழுத வேண்டும். அவர்களுள் யாரேனும் ஒருவர் முன் சொல்லத் தயங்கும் தொடர், பொதுவில் எழுதத் தகாத தொடராகும். நிறுவனப் பதிவுகளை மதிப்பிடுவோர்க்கு இவ்வளவுகோல், விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் பயன் தரும்.