அரக்குத்தட்டும் அருங்குரலும்

பழம்பொருளுக்கு விலை ஏறுவது உலக வழக்கு. நாணயமும் தபால்தலையும் ஓலைச்சுவடியும் ஏறிய வழியில் இப்போது இசைத்தட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. பரண்மேல் கிடந்த ‘பிளேட்டு’களைத் தேடி இளைஞரும் முதியோரும் அலைகின்றனர். சென்னை மூர்மார்க்கெட்டின் பழைய கடைகளிலே தொடங்கிய இவ்வார்வம் கடல் கடந்த தமிழரிடையேயும் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த ஜொகூரில், தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளுக்குள்ளே இத்தகைய தட்டுகள் இன்னும் உறங்குகின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து வைப்போர் பாராட்டுக்குரியவர். ஆயின், எது நல்ல தட்டு என்ற கேள்விக்குச் சேகரிப்போர் பொதுவாகத் தரும் விடை பாராட்டுக்குரியதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அவர்கள் அளவுகோல் மூன்று. தட்டு அரிதா என்பது ஒன்று. கீறல் இன்றி இருக்கிறதா என்பது மற்றொன்று. எந்தக் கம்பெனியின் முத்திரை என்பது மூன்றாவது. வகைகளுள்ளும் அவர்கள் ஒரு வருண வரிசை வகுத்திருக்கின்றனர். கருநாடக சங்கீதம் தலையில், நாடகப் பாட்டு அதன்கீழ், சினிமாப் பாட்டு அதற்கும் கீழ், வசனமும் நகைச்சுவையும் கடையில். இவ்வரிசையை எவரும் எழுதி வைத்ததில்லை. எனினும் விலை கேட்கும்போது இது வெளிப்பட்டுவிடுகிறது.

அரிது என்ற ஒன்றே ஒரு தட்டுக்கு மதிப்பாகிவிடாது என்பதற்கு மேல்நாட்டுச் சேகரிப்போரே சான்று. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள் இங்கிலாந்தில் வினைல் தட்டாக வந்த 1960களில், இந்தியாவில் அவற்றுட் சில பழைய 78 சுற்று அரக்குத்தட்டாகவும் அச்சாயின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் மிகுதியாக இருந்தமையே காரணம். இன்று அத்தட்டுகளுக்காக உலகெங்கும் போட்டி நடக்கிறது. ஆனால் அவற்றில் உள்ள பாட்டு வேறெங்கும் கிடைக்கும் அதே பாட்டுத்தான். விலை பெற்றது உறையும் பொருளுமேயன்றி இசை அன்று.

ஆகவே வேறு அளவுகோல் வேண்டும். இரண்டு கேள்விகள் போதுமானவை. நூலும் சுரக்குறிப்பும் சினிமாச் சுருளும் காத்துவைக்காத எதனை இத்தட்டு மட்டும் காத்து வைத்திருக்கிறது? கேட்டவர் வாழ்வில் இது என்ன செய்தது? இவ்விரண்டையும் கேட்டுப் பார்த்தால் மேற்சொன்ன வரிசை நிலைகுலைகிறது.

மூன்று நிமிடத்துக் கலை

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் அம்மையார் தம் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்திற் கூறி முடித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. அங்குள்ள தொழிலாளர் பாடியவர் யார் என அறிய அக்குரல் அடையாளம் உதவிற்று. அந்நாளைய பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மூன்று மணி நேரம் பாடிப் பழகிய வித்துவான் மூன்று நிமிடத்தில் என்ன பாடுவது?

இங்கேதான் விமரிசகர் பலர் வழுக்கி விழுகின்றனர். தட்டைச் சுருங்கிய கச்சேரி என்று கருதி, நிரவல் இல்லை, தானம் இல்லை என்று குறை காண்கின்றனர். வெண்பாவைப் பார்த்து இது காப்பியமாக இல்லையே என்று வருந்துவது போன்றதே இது. நான்கடிக்குள் நின்று முடியும் வெண்பாவுக்குத் தனி இலக்கணம் உண்டு. மூன்று நிமிடத்துக்குள் நிற்கும் பாட்டுக்கும் அது உண்டு. எடுப்பிலேயே இராகத்தின் முகம் தெரிய வேண்டும். சங்கதிகளில் சிறந்தவை மட்டும் வேண்டும். முடிவு வெட்டுண்டது போலன்றி நிறைவாக அமைய வேண்டும்.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களின் தோடி ஆலாபனைத் தட்டு இதற்கு உரைகல். கோயில் வீதியில் மணிக்கணக்காக வாசிக்கும் இராகத்தை அவர் சில நிமிடங்களுள் அடக்கியிருக்கிறார், அடக்கியதாகத் தோன்றவில்லை. சுரக்குறிப்பில் எழுதிக் காட்ட முடியாத குழைவும் மூச்சும் அதிலே உண்டு. 1951-இல் இளவயதிலேயே மறைந்த என். சி. வசந்தகோகிலம் அம்மையாரின் கலைக்கும் இத்தகைய தட்டுகளே தலையாய சான்று. பத்து வயதில், 1926-இல், தாயார் சண்முகவடிவின் வீணையோடு பாடிய எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு பின்னாளைய பெரும்புகழின் முன்னுரை. ஆக, சங்கீதத் தட்டுக்குச் சேகரிப்போர் தரும் உயர்வு தகுதியற்றது அன்று. அவர்கள் காட்டும் காரணமே தவறு. வித்துவானின் பெயருக்காக ஒரு தட்டை உயர்த்தாமல், அம்மூன்று நிமிடத்தில் அவர் செய்ததற்காக உயர்த்த வேண்டும். பெரும் பெயருடையார் அவசரமாகப் பாடி முடித்த தட்டுகளும் உள.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ‘78 சுற்று’ என்பது பிற்காலத்தில் உறுதிப்பட்ட வழக்கு. முற்காலத் தட்டுகள் எல்லாம் அவ்வேகத்தில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்ததை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும், காலமும் விரையும். அதைக் கேட்டு, ‘அக்காலத்தவர் எவ்வளவு உச்சத்தில் பாடினர்!’ என்று வியப்பது பெட்டியை வியப்பதாகுமே ஒழியப் பாடகரை வியப்பதாகாது.

மேடை மறைந்தது, குரல் நின்றது

நாடகத் தட்டுகளை இரண்டாம் வரிசையில் வைப்பது பெரும்பிழை. தட்டு மட்டுமே காத்த செல்வம் எது என்று கேட்டால் முதலில் நிற்பவை இவையே. எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் 1931-இல் வந்துவிட்ட போதிலும் அவர் எப்படத்திலும் நடிக்கவில்லை. ஊரூராக மக்களைக் கட்டியிழுத்த அக்குரலுக்கு இன்று சாட்சி சொல்லத் தட்டுகளே உள. அவருடன் மேடையேறிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் நிலை வேறு. ‘நந்தனார்’ (1935), ‘ஔவையார்’ (1953) முதலிய படங்களின் வழியும் பிற்காலத்தார் அவரை அறிவர். கிட்டப்பாவின் தட்டு ஒன்று உடைந்தால் உடைவது தட்டு மட்டும் அன்று.

அக்காலத்தில் முழு நாடகத்தையே பல தட்டுகளாகப் பிரித்து ‘செட்’ என்று விற்றனர். பாட்டும் வசனமும் கலந்து வரும் அவற்றைக் கேட்டால், ஆர்மோனியத்தின் துணையோடு நடிகர் எவ்வாறு சொல்லை நீட்டினர், எங்கே நிறுத்தினர் என்பது விளங்கும். நாடக ஏடுகள் வசனத்தைக் காக்கும். அது மேடையில் ஒலித்த முறையைக் காக்கமாட்டா. இத்தகைய செட்டில் ஒரு தட்டுக் குறைந்தாலும் சேகரிப்போர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆராய்வோனுக்கோ எஞ்சிய ஒரு தட்டும் பொக்கிஷமே.

சினிமாவும் வசனமும்

சினிமாப் பாட்டுத்தான் படத்திலேயே இருக்கிறதே, தட்டு எதற்கு என்பர் சிலர். படம் இருந்தால் அன்றோ! முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) இன்று காணக் கிடைக்கவில்லை. 1930களின் படங்களுள் பல அவ்வாறே அழிந்தன. அவற்றுள் பலவற்றுக்கு எஞ்சியவை பாட்டுப் புத்தகமும் சில தட்டுகளுமே. மேலும், நடிப்பவரே பாடவேண்டும் என்ற நிலை மாறி, ‘நந்தகுமார்’ (1938) படத்தில் பின்னணிக் குரல் புகுந்தது. அம்மாற்றத்துக்கு முன்னும் பின்னுமுள்ள தட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால், தமிழ்ச்சொல் பாட்டில் ஒலிக்கும் முறையே மாறிவருவதை உணரலாம். ‘நாம் இருவர்’ (1947) படத்துக்காக டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள், ஏடு படிக்க அறியாதார் செவிக்கும் பாரதியைக் கொண்டு சேர்த்தன. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியார் கைகளில் இருந்து, பின்னர் 1949-இல் நாட்டுடைமையான வரலாறு, தட்டு என்பது வெறும் பொழுதுபோக்கன்று எனக் காட்டும்.

கடையில் தள்ளப்பட்ட வசனத் தட்டுகளையே தமிழாசிரியர் முதலில் எடுத்துக் கேட்க வேண்டும். ‘பராசக்தி’ (1952) வசனம் தட்டாக வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகியவையும் அவ்வாறு வந்து, கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் முழங்கின. மீண்டும் மீண்டும் கேட்டு அவ்வசனங்களை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இருந்தது. அடுக்குமொழி மிகை என்று குறை கூறலாம், கூறவும் வேண்டும். எனினும் லகர ளகர ழகரங்கள் தெளிவுற, மூச்சு முறியாது நீண்ட தமிழ் வாக்கியத்தைச் சொல்லிக் காட்டிய ஆசான் அத்தட்டு. இரண்டாவது கேள்வியின்படி பார்த்தால் இதற்கு நிகர் சில.

இவ்வகைகளை ஒருசேர மதித்த சேகரிப்பாளரும் உண்டு. 78 சுற்றுத் தட்டுகளைப் பல்லாயிரக் கணக்கில் திரட்டிய சென்னை வி. ஏ. கே. ரங்கா ராவ், செவ்விசைக்குத் தரும் அதே கவனத்தைத் திரையிசைக்கும் தந்து எழுதியவர். சேர்ப்பதோடு நில்லாமல் கேட்டு எடைபோட்டமையே அவர் சிறப்பு.

தேய்ந்த தட்டின் சாட்சி

நெடுநேரம் ஓடும் வினைல் தட்டு அமெரிக்காவில் 1948-இல் வெளிவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குமேல் இடம் கிடைத்தது. மேற்பரப்பின் இரைச்சலும் குறைந்தது. அரக்குத்தட்டே உயிருள்ளது, மற்றவை உயிரற்றவை என்பார் கூற்று பற்றினால் எழுந்தது. இராகத்தை விரித்துப் பாட வினைல் தட்டே வழி திறந்தது. 1963-இல் வந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டை அரிது என்று எவரும் சொல்லார். பல்லாயிரம் வீடுகளின் விடியற்காலையை அது மாற்றியமைத்தது. அரிதன்மையை மட்டும் பார்ப்பவர் அதைப் புறக்கணிப்பர். இசை வாழ்வை ஆராய்பவர் புறக்கணிக்கலாகாது.

இதனால் கீறலைப் பற்றிய எண்ணமும் மாறவேண்டும். கீறலற்ற தட்டு கேளாத தட்டாகவும் இருக்கலாம். பள்ளம் வெளுத்துத் தேய்ந்த தட்டோ, ஒரு குடும்பம் எதனை விரும்பிக் கேட்டது என்பதற்குக் கையெழுத்திட்ட சாட்சி. ஒலிக்காக நல்ல பிரதியைத் தேடுக. ஆயினும் தேய்ந்ததை எறியற்க.

ஜொகூருக்கு உரிய பங்கு

இப்பார்வையில் ஜொகூரின் பழைய பெட்டிகளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1903-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் மலாய்ப் பாடல்கள் தட்டில் பதிவாயின. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட பாலம் ஜொகூரை அந்நகரச் சந்தையோடு தரைவழி இணைத்தது. தமிழ்த் தட்டும் மலாய்த் தட்டும் ஒரே கடைவீதியில் விலையாகக்கூடிய நாடு இது.

ஜொகூரின் மலாய் மக்கள் தமதெனப் போற்றும் இசை கசல். வடஇந்திய கசலிலிருந்து கிளைத்து, மலாய்ப் பந்துன்களைப் பாடும் மரபாக அது இங்கே வேரூன்றியது. காம்புஸ், வயலின் ஆகியவற்றோடு ஆர்மோனியமும் தபேலாவும் அதில் இன்றியமையாதவை. அதே ஆர்மோனியம் தமிழ் நாடக மேடையையும் ஆண்டது. பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கு ஒருபுறம் தமிழ் மேடையிலும், மறுபுறம் மலாய் பங்சாவான் மேடையிலும் படிந்தது. ஆகவே ஒரு கிட்டப்பா காலத்து நாடகத் தட்டையும் ஒரு ஜொகூர் கசல் தட்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்பவர், மொழியால் வேறுபட்ட இரண்டு மரபுகள் ஒரு கருவியால் உறவாடுவதைக் காண்பர். தமிழ்த் தட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு மலாய்த் தட்டை விலக்குவோர்க்கு இது கிட்டாது. இந்த ஒப்பீட்டைச் சென்னையிலிருந்து செய்வதினும் ஜொகூரிலிருந்து செய்வது எளிது. அது இங்குள்ள தமிழறிஞரின் கடமையும் ஆகும்.

கடமைக்குக் காலம் குறுகியது. ஈரமும் வெப்பமும் மிகுந்த இந்நாட்டில் உறையும் தட்டும் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் வினைல் வளையும். அரக்கு விழுந்தால் உடையும். தட்டுகளை அடுக்கிக் கிடத்தாமல் நிறுத்தி வைத்தல் நன்று. வினைல் தட்டுக்குப் பயன்படும் சாராயக் கலவையால் அரக்குத்தட்டைத் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். நுண்பள்ளத் தட்டுக்குரிய ஊசியைக் கொண்டு 78 சுற்றுத் தட்டை ஓட்டுவதும் தவறு. அதன் பள்ளம் அகன்றது.

இவற்றினும் முதன்மையானது பட்டியல். தட்டின் எண், முத்திரை, பாடியவர், உறையில் உள்ள கடை முத்திரை, எழுதப்பட்ட உடையவர் பெயர், எத்தோட்டத்தில் எவ்விழாவில் ஒலித்தது என்ற முதியோர் வாய்மொழி ஆகிய அனைத்தையும் குறித்து வைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இது நல்ல விடுமுறைப் பணி. தட்டை விலைக்கு விற்றாலும் பட்டியல் எஞ்சும். தட்டைக் காப்பாற்றி அதன் கதையை இழப்பது, சுவடியைக் காப்பாற்றி எழுத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். விலை கூறுவோர் கூறட்டும். எது கேட்கத்தக்கது, எது வழங்கத்தக்கது என்று கூறும் பொறுப்பைத் தமிழ் கற்பிப்போர் அவர்களிடம் விட்டுவிடலாகாது.