நெடுநல்வாடையில் கூதிரும் உயிரினங்களும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் இயன்றது. அஃது அகமோ புறமோ என்னும் வழக்கு, நச்சினார்க்கினியர் வேம்பினைச் சான்றாகக் கொண்டு புறமெனத் துணிந்த நாள் முதலாக நிகழ்ந்து வருகின்றது. அவ்வழக்கின் மிகுதியால், பாட்டில் வரும் விலங்கும் பறவையும் வெறும் பின்னணி எனக் கழிக்கப்பெறுகின்றன. அங்ஙனம் கழித்தல் பொருந்தாது என்பது எம் கருத்து.

கூதிரைத் தீட்டுதல் தமிழ்ப்புலவர்க்கு எளிதன்று. 1565-இல் பிளெமிய ஓவியர் புரூகெல், வேட்டுவர் திரும்பும் குளிர்காலக் காட்சியைத் தீட்டியபொழுது, நிலத்தை மூடிய உறைபனியின் வெண்மை அவர்க்குக் கைகொடுத்தது. இலையற்ற மரத்தில் கரும்பறவை அமர்ந்த அளவிலேயே குளிர் கண்ணுக்குப் புலனாயிற்று. நம் நாட்டுக் குளிருக்கோ நிறமில்லை. மழையால் நிலம் முன்னையினும் பசுமை கொள்கின்றது. முசுண்டையும் பீர்க்கும் புதர்தோறும் மலர்கின்றன. ஆதலின் காணவொண்ணாக் குளிரை உயிர்களின் உடம்பிலேயே காட்டுதல் வேண்டும்.

இதற்கென நக்கீரர் அரிய விலங்கு எதனையும் தேடிச் சென்றாரல்லர். விலங்கு மேய்ச்சலை மறக்கின்றது, மந்தி ஒடுங்குகின்றது, பறவை வீழ்கின்றது, பாலுண்ண வரும் கன்றைக் கறவை உதைத்துத் தள்ளுகின்றது. இவற்றுள் இறுதியது மிகக் கொடிது. ஆவிற்குக் கன்றின்பால் உள்ள பரிவை நாளும் கண்டவர்க்கே அதன் கொடுமை விளங்கும். பழகிய உயிரின் வழக்கம் பிறழ்தலே ஈண்டுக் குளிரின் அளவுகோல் என்க.

கொக்கும் நாரையும் மட்டும் இதற்கு விலக்கு. அவை ஈரமணலில் திரண்டு, நீரை எதிர்த்து வரும் கயலைக் கவர்கின்றன. எல்லா உயிரும் ஒருங்கே வாடின எனப் பொதுப்படக் கூறுதல் புலவர் கண்ட உண்மையைக் குறைத்தலாகும்.

நகரினுள் வரும் செங்காற் புறாவே எம் நெஞ்சில் நிலைத்தது. சேவல் தன் பெடையொடு இரைதேடச் செல்லவில்லை. இரவென்றும் பகலென்றும் அறியாது, கொடுங்கையில் கால் மாற்றி மாற்றி இருக்கின்றது. துணை அருகிருந்தும் அதற்கு இந்நிலை. அரண்மனையுள் துணையின்றி வருந்தும் அரசியை நாம் பின்னரே காண்கின்றோம்.

பாசறைக் குதிரைகளையும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ணுதல் வேண்டும். நள்ளிரவிலும் அவற்றின் சேணம் களையப்பெறவில்லை. சேறுபட்ட தெருவில் நின்று மேனியில் விழும் துளியை உதறுகின்றன. அரசனும் உறங்காது, புண்பட்ட வீரரைக் காண அவ்வழியே வருகின்றான்.