மனந்திரும்பாத கதைமாந்தர்

சின்னத்திரை நெடுந்தொடர்களைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சுகளே வழங்கி வருகின்றன. அவை குடும்பங்களைக் கெடுக்கின்றன என்பது ஒன்று. உழைத்துக் களைத்தவர்க்கு அவை ஒரு பொழுதுபோக்கு, விட்டுவிடுங்கள் என்பது மற்றொன்று. கண்டிப்பவர் பெரும்பாலும் அவற்றைப் பார்ப்பதில்லை; சலுகை தருபவர் அவற்றைக் கலையாக மதிப்பதில்லை. கதை என்ற முறையில் அவை எவ்வாறு எழுதப்படுகின்றன என்ற கேள்வியை இரு சாராரும் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு இன்று வசதியும் உண்டு. 1993ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சி தொடங்கிய நாள்களில் ஒரு பகுதியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். இன்றோ பழைய தொடர்களும் புதியவையும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்துச் சேத்தியாத்தோப்புக்குப் பேருந்தில் திரும்பும் தொழிலாளர், முந்தைய இரவின் கதையைக் காலையில் பார்த்துக்கொண்டு வருகின்றனர். நானும் பங்குப் பணிகளுக்கு இடையே, நம் மக்கள் அதிகம் பேசிய மூன்று தொடர்களைப் பின்னோக்கிச் சென்று, அவற்றின் போக்கை அறியப் போதுமான அளவு பார்த்தேன். திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005), திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ (2003–2009), அவரே பின்னர் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ (2022–2024) ஆகியவை அவை.

முதலில் ஒரு குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம். தொடர்கள் நீளமானவை என்பது குறையன்று. ‘மெட்டி ஒலி’ 800 பகுதிகளையும் ‘கோலங்கள்’ 1500 பகுதிகளையும் தாண்டின என்பது உண்மையே. ஆயினும் இரவு இரவாகக் கதை கேட்பது நம் தென்னார்க்காட்டு மண்ணுக்குப் புதிதன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடைபெறுகிறது. கதை அனைவருக்கும் தெரிந்ததே. இருந்தும் ஊர் விழித்திருந்து பார்க்கிறது. ஏனெனில் ஒவ்வோர் இரவும் படுகளத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கிறது. மண்ணால் வனைந்த துரியோதனன் உருவம் அங்கே காத்துக் கிடக்கிறது. செய்த வினைக்கு ஒரு முடிவு உண்டு என்பது அந்த நீண்ட கதையின் முதுகெலும்பு. ஆகவே நாம் கேட்கவேண்டியது ‘எத்தனை நாள்?’ என்பதன்று, ‘எதை நோக்கி?’ என்பதே.

இரண்டாவது குற்றச்சாட்டு, தொடர்கள் தீமையைக் காட்டுகின்றன என்பது. இதிலும் திருச்சபையின் போதனை நாம் நினைப்பதைவிட விரிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய ஏடு, தீமையைச் சித்திரிப்பதை முற்றாக விலக்கவில்லை. மனிதனை ஆழமாக அறியவும், உண்மையும் நன்மையும் எத்துணை உயர்ந்தவை என்று உணரவும் அத்தகைய சித்திரிப்பு துணைசெய்யக்கூடும் என ஏற்கிறது; அறநெறிக்கு உட்பட்டே அது அமையவேண்டும் என்றும் வரையறுக்கிறது. விவிலியத்திலும் காயினின் கொலை உண்டு. தாவீதின் துரோகம் உண்டு. எனவே தீயவர் வருகிறார்களே என்று வருந்தவேண்டியதில்லை. அவர்களுடைய தீமை மனிதத் தீமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்றே பார்க்கவேண்டும்.

இங்கேதான் நம் தொடர்களின் மெய்யான குறை இருக்கிறது. அவற்றில் எவரும் எளிதில் மனந்திரும்புவதில்லை. ‘கோலங்க’ளில் குடும்பத்தைத் தாங்கும் அபியின் பொறுமைக்கு எதிரே ஆதித்யாவின் பகை ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. சூழ்ச்சி முறியடிக்கப்படுகிறது; மறுவாரம் வேறொரு சூழ்ச்சி பிறக்கிறது. நன்மை ஓரிடத்திலும் தீமை மற்றோரிடத்திலும் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. காரணம் வெளிப்படை. வாரந்தோறும் வரும் பார்வையாளர் மதிப்பீட்டை எதிர்நோக்கி எழுதுபவர்க்குத் தீயவன் ஒரு மூலதனம். அவன் திருந்திவிட்டால் கதை முடிந்துவிடும் என்று அவர் அஞ்சுகிறார்.

அந்த அச்சம் இலக்கிய நோக்கிலேயே பிழையானது. சக்கேயுவை எண்ணிப் பாருங்கள். அவன் மனம் மாறியதோடு நற்செய்தியாளர் அந்நிகழ்ச்சியை நிறைவு செய்கிறார். ஆனால் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்ன மனிதன் மறுநாள் எரிக்கோவின் தெருக்களில் எப்படி நடந்திருப்பான்? எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டியிருப்பான்? எத்தனை பேர் அவனை நம்பியிருப்பார்கள்? கைநீட்டி வாங்க மறுத்தவர் இருந்திருப்பார்களா? அவனுடைய மனைவி மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ஓர் எழுத்தாளருக்கு நூறு இரவுகளுக்குப் போதுமான கதை இங்கே கிடக்கிறது. மனமாற்றம் கதையின் முடிவன்று. கடினமான கதையின் தொடக்கம். இதை அறியாமையே நம் தொடர் எழுத்தின் வறுமை.

இவ்வறுமையை மறைக்கக் கையாளப்படும் உத்திகள் நாம் அறிந்தவையே. ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் ஐயம், பேசப்படாமலே மாதக்கணக்கில் நீள்கிறது. கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பவர் பாதியை மட்டுமே கேட்கிறார். கை ஓங்கும் கணத்தில் ‘தொடரும்’ என்று எழுத்து விழுகிறது. மறுநாள் அந்தக் கை இறங்கிவிடுகிறது. நிலக்கரியை எட்டுவதற்காகவே சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றுகிறார்கள். இங்கோ மேல்மண்ணே நாள்தோறும் இடம் மாற்றிக் கொட்டப்படுகிறது.

எனினும் இவற்றுள் நல்ல எழுத்து இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ‘மெட்டி ஒலி’யில் டெல்லி குமார் ஏற்ற சிதம்பரம் ஐந்து பெண்மக்களின் தந்தை. அத்தொடரின் துயரங்களுக்குக் கடத்தலோ கொலையோ தேவைப்படவில்லை. மகளின் புகுந்த வீட்டு வாசலில் ஒரு தந்தை எவ்வளவு சிறுத்துப்போகிறார் என்பதே போதுமானதாயிற்று. சரோஜாவின் மாமியார் நம் தெருவில் இருப்பவர்தான். அவருடைய கடுஞ்சொற்கள் நாம் கேட்டவைதாம். தாய் சொல்லைத் தட்டாத மகன் நல்ல கணவனாக இருக்கத் தவறும் முரணும் நம் வீடுகளில் உள்ளதே. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மறுஒளிபரப்பானபோதும் மக்கள் அதை விரும்பிப் பார்த்ததற்கு இந்த உண்மைத்தன்மையே காரணம் எனலாம்.

‘எதிர்நீச்ச’லில் திருச்செல்வம் தம் பழைய எழுத்தையே தாண்டிச் சென்றிருக்கிறார். மதுரையில் ஒரு வீடு; படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுக்களையில் அடைத்துவைக்கும் குடும்பம். மூத்தவர் ஆதி குணசேகரன் வானத்திலிருந்து விழுந்த வில்லன் அல்லர். தம்பிமாரின் கீழ்ப்படிதலும் பெண்களின் மௌனமும் சேர்ந்து வளர்த்துவிட்ட தலைவர். ஈசுவரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் ஒரே நாளில் விழித்தெழவில்லை. ஒருவர் அச்சத்தை மற்றவர் சுமந்து, தவறி, மீண்டும் எழுகின்றனர். தம்பி சக்தி தன் மனைவி ஜனனியின் பக்கம் மெல்ல நகர்ந்து வருவது இத்தொடரின் சிறந்த பகுதி. மனம் மாறினாலும் கதை நிற்காது என்பதற்கு அந்த ஒரு பாத்திரமே சான்று. ஆயினும் 2024 ஜூனில் முடிந்த தொடர் அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பகுதியாகத் திரும்பியபோது, அதே வீட்டின் அதே போராட்டமும் திரும்பியது. முடிவு என்று நாம் நம்பியது இடைவேளையாயிற்று.

இன்னொன்றையும் கருதவேண்டும். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் நாள் காலமானபோது தமிழகமே வருந்தியது. அவருடைய நடிப்பு அத்தகையது. ஆனால் அப்பாத்திரம் பெண்களை அதட்டும் தொனி நம் இல்லங்களில் வேடிக்கைப் பேச்சாகவும் பரவிற்று. கண்டிக்கப்படவேண்டிய சொல் கைதட்டல் பெற்றது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1984–85இல் தூர்தர்சன் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர், மெக்சிகோ நாட்டின் மிகேல் சபிதோ வகுத்த முறையைப் பின்பற்றி, சமூக நலக் கருத்துகளைப் பரப்பவே எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நீதி உரைத்தார். ஆயினும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஒடுங்கிப்போகும் தாய் பகவந்தியை எச்சரிக்கையாகக் காட்ட எண்ணியிருக்க, பார்வையாளர் பலர் அவளையே முன்மாதிரியாகக் கொண்டனர் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. முடிவில் சேர்க்கும் அறவுரை கதையின் போக்கைத் திருத்திவிடாது. அது மறையுரை ஆற்றும் என் போன்றோருக்கும் பொருந்தும்.

இவையெல்லாம் வெறும் இலக்கிய விவாதமா? அன்று. பிணக்குற்ற குடும்பங்களில் சமாதானம் பேசச் செல்லும்போது, “சாமி, அவங்க திருந்த மாட்டாங்க, அந்த சீரியல்ல வர்றவங்க மாதிரிதான்” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இரவுதோறும், ஆண்டுக்கணக்கில், மனிதர் மாறவேமாட்டார் என்று சொல்லும் கதையைக் கேட்டுவரும் நெஞ்சம், ஒப்புரவு அருட்சாதனத்தை எவ்வாறு நம்பும்? மாமியார் மாறுவார், மகன் திரும்புவான் என்று எதிர்நோக்கும் ஆற்றலே தேய்ந்துபோகிறது. தொடர்கள் நமக்குச் செய்யும் பெருந்தீங்கு இது. செபமாலை நேரத்தைப் பறித்தது அதற்கு அடுத்ததே.

ஆகவே தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பாருங்கள், பார்த்தபின் அன்பியக் கூட்டத்திலும் உணவு வேளையிலும் அதைப் பேசுங்கள். இந்தப் பாத்திரம் ஏன் இப்படி ஆயிற்று? இவர் மாறுவதற்கு வழி எது? வழி இருந்தும் எழுத்தாளர் ஏன் அதை அடைத்தார்? இக்கதையில் வரும் தீயவரில் என் சாயல் உண்டா? நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைத்தான் சொன்னார். கேட்ட மன்னன் கதையில் வந்தவன்மீது சினம் கொண்டான். அடுத்த நொடியில் அவன் தானே என்று அறிந்தான். நல்ல கதை நம் விரலை அடுத்த வீட்டிலிருந்து நம் நெஞ்சுக்குத் திருப்பும்.

ஊதாரி மைந்தன் உவமையில் இளையவன் வீடு சேர்ந்துவிட்டான். மூத்தவன் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தந்தை அவனை அழைத்துக்கொண்டிருக்கிறார். அவன் உள்ளே போனானா என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்த விடையைக் கேட்பவரிடமே விட்டுவிட்டார். நம் எழுத்தாளர்களும் கற்கவேண்டிய ‘தொடரும்’ அதுவே.