மங்கு

செகிஞ்சான் வயல்களை விட்டுத் தெற்கே புக்கிட் ரோத்தான் பக்கம் வந்தால் கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமும் இந்தக் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில்தான். ரப்பர் பால்மரங்கள் அருகிவிட்டன. அத்தை வீட்டு வாசலில் மட்டும் பால் பிடிக்கும் ஒரு பீங்கான் மங்கு இன்னும் இருக்கிறது. உள்பக்கம் வழவழப்பு, வெளிப்பக்கம் சொரசொரப்பு. நகத்தால் சுண்டினால் ‘ணங்’கென்று சின்ன மணிபோல் பேசும். விளிம்பில் காய்ந்த பால் தேன்நிறத் தோலாக ஒட்டியிருக்கிறது. முகர்ந்தால் அந்தப் புளித்த வாசம், லேசாக.

அத்தை பல வருஷம் பாலுக்காக மரம் வெட்டியவர். பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து, நெத்தி விளக்கோடு இருட்டில் நிரைக்குள் இறங்குவாராம். முதலில் முந்தின வெட்டில் உறைந்த கோட்டுப்பாலை நுனி பிடித்து ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். அறுந்தால் அவருக்குப் பிடிக்காது. பிறகு கத்தி. ‘சர்ர்’ரென்று சரிவாக ஓடி, பட்டையைச் சுருள் சுருளாக உதிர்க்கும். கொஞ்சம் ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டால் காயம் முண்டாகும், அடுத்த பட்டையில் கத்தி தடுக்கும். வெளிச்சம் போதாத நேரத்தில் அந்த மயிரிழையைக் கண்டது கண்ணல்ல, மணிக்கட்டுதான் என்று நினைக்கிறேன். வெள்ளைக் கோடு மெல்லக் கசிந்து, தகரத்தில் வழிந்து, முதல் சொட்டு விழும்போது அவர் அடுத்த மரத்தில் இருப்பார்.

“எப்படித்தே பிடிப்பீங்க?” என்று மங்கை நீட்டினேன். வாங்கியதும் கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். தூசிகூட இல்லை அதில்.